பழைய ஆர்ச்டாப் கிட்டார்: எல்-7, டி'ஏஞ்சலிகோ, இ.எஸ்-175, இதில் எதை வாங்குவது?

நண்பர் ஒருவர் பல வருடமாகச் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறார். பழைய ஆர்ச்டாப் ஒன்று வாங்க வேண்டும், ஒன்றே ஒன்று, அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் வேறு கிட்டார் வாங்கவே மாட்டேன் என்கிறார் (இதை நானும் நம்பவில்லை, அவர் மனைவியும் நம்பவில்லை). இப்போது அவர் முன்னால் இருப்பவை மூன்று: 1930களின் கடைசியில் செய்த கிப்சன் எல்-7, 1950களின் டி'ஏஞ்சலிகோ எக்செல், 1958-ம் வருட கிப்சன் இ.எஸ்-175. கூடவே மனதின் மூலையில் கிப்சனின் எல்-5 ஆசையும் ஒன்று. மூன்றும் ஒரே விலையும் இல்லை. எக்செல் வாங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, எல்-7 வாங்கினால் நல்ல ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றும் சேர்த்து வாங்கிவிடலாம். "இதில் எது பெஸ்ட், சொல்லு" என்று தினமும் போன் செய்கிறார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும், எஃப் வடிவத் துளை, வளைந்த மேற்பலகை, கீழே தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் டெயில்பீஸ், நடுவில் ஒட்டாமல் தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிற பிரிட்ஜ். ஆனால் எல்-7-இல் ஒலி பலகையிலிருந்து வருகிறது, இ.எஸ்-175-இல் பிக்கப்பிலிருந்து, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளிலிருந்து வருகிறது. டி'ஏஞ்சலிகோ பலகைக் கட்சிதான், ஆனால் அதில் பாதிப் பேர் பலகையை அறுக்காமல் மாட்டுகிற மிதக்கும் பிக்கப் மாட்டி ஆம்ப்பில்தான் வாசிக்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று தெரியாமல் பணத்தை எடுத்துவைத்தால் கண்டிப்பாகக் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். நான் சுட்டுக்கொண்டேன், அது பின்னால் வருகிறது.

பலகைக் கட்சியின் கதை கிப்சனில் தொடங்குகிறது. ஆர்வில் கிப்சன் 1890களில் மிச்சிகனின் கலமசூ ஊரில் வயலின் மாதிரியே பலகையைக் குடைந்து செதுக்கி மாண்டலினும் கிட்டாரும் செய்தார். அவர் பெயரில் 1902-இல் தொடங்கிய கம்பெனிக்கு 1919-இல் வேலைக்கு வந்தவர் ஒலிப் பொறியாளர் லாய்ட் லோர். 1922-இல் வந்த எல்-5, அவர் காலத்தில் வந்தது. வயலினில் இருப்பதுபோல எஃப் துளை, உள்ளே மேற்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒட்டிய இரண்டு மரச்சட்டம் (டோன் பார்), 16 அங்குல அகல உடல். 1924 இறுதியில் அவர் கம்பெனியை விட்டுப் போய்விட்டார், அதனால் அவர் கையெழுத்திட்ட லேபிள் உள்ள எல்-5 மிகக் குறைவு. சிலவற்றின் உள்ளே, மேற்பலகைக்கு அடியில் விர்ஸி என்கிற ஒரு மெல்லிய மரத்தகடு தொங்கும், ஒலியை மெருகேற்றுகிறது என்று சொல்லிப் பொருத்தினார்கள். பின்னால் பலர் அதைக் கழற்றி எறிந்தார்கள், இப்போது அது இருந்தால்தான் சேகரிப்பவர்கள் முகம் மலர்கிறது.

லோர் கையெழுத்துள்ள எல்-5 நண்பரின் பட்ஜெட்டுக்கு எட்டாது, பெரும்பாலானோருக்கும் எட்டாது. அது வாசிக்க வாங்குகிற பொருள் என்பதைத் தாண்டிப் போய் வெகுநாளாகிவிட்டது. அவர் போனபிறகு செய்த 1920களின் எல்-5-உம் அதே 16 அங்குல வகைதான். மேபெல் கார்ட்டர் 1928-இல் 275 டாலர் கொடுத்து வாங்கி வாழ்நாள் முழுக்க வாசித்த கிட்டார் அந்த வகை, இன்று நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாஸ் பக்கம் எடி லாங் கையில் இருந்ததும் எல்-5 தான். 16 அங்குலத்தின் குரல் இனிமையானது, ஆனால் சின்னது.

1930களில் பெரிய பேண்டுகள் வந்தபோது அந்தச் சின்னக் குரல் போதவில்லை. பாஞ்சோ போய் அந்த இடத்தில் கிட்டார் உட்கார்ந்தது, எதிரே ஒரு வரிசை டிரம்பெட், ஒரு வரிசை டிராம்போன், மைக் கிடையாது. என்ன செய்வது, உடலைப் பெரிதாக்கினார்கள். 1934-35 வாக்கில் எல்-5, எல்-7 எல்லாம் 17 அங்குலம் ஆயின. 1934-இல் 18 அங்குல சூப்பர் 400 வந்தது, விலை 400 டாலர் என்பதால் அந்தப் பெயர். நியூயார்க்கில் எபிஃபோன் விடவில்லை, 1935-இல் 18½ அங்குல எம்பரரை இறக்கியது. பாஸ்டனில் ஸ்ட்ராம்பெர்க் தந்தையும் மகனும் 19 அங்குலம் வரை போனார்கள். இது எல்லாம் மடியில் வைத்து வாசிக்கிற கிட்டார் என்பதை நினைவில் வையுங்கள். 19 அங்குலத்தைக் கட்டிப்பிடித்து வாசிக்க வலது தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். ஆள் சின்னவராக இருந்தால் 18-க்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

எல்-7-க்கு வருவோம். என் வோட்டு எங்கே விழப்போகிறது என்பதை மறைக்கப்போவதில்லை, நானும் ஒரு எல்-7 வைத்திருக்கிறேன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்தது, யாரோ எப்போதோ மறுபாலிஷ் போட்டுவிட்டார்கள். எல்-5-க்கும் எல்-7-க்கும் அடிப்படை உடல் ஒன்றுதான்: செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மேப்பிள் முதுகு, மேப்பிள் பக்கம். வித்தியாசம் அலங்காரத்தில். எல்-5-இல் விரல்பலகை கருங்காலி, எல்-7-இல் ரோஸ்வுட். எல்-5-இல் ஓரம் முழுக்க அடுக்கடுக்காக பைண்டிங் என்கிற ஓரப்பட்டை, இதில் சிக்கனமாக. டெயில்பீஸும் எளிமை. எல்-5-க்கு நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்து எடுத்துவைத்திருப்பார்கள், செதுக்கும்போது இன்னும் கொஞ்சம் நேரம் செலவழித்திருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு என்னிடம் நல்ல எல்-7 ஒன்றையும் சுமாரான எல்-5 ஒன்றையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினால், நான் பாதி தடவை தப்பாகச் சொல்வேன். விலையில் அந்தத் தடுமாற்றமே கிடையாது.

ஒரே எல்-7-இலும் இரண்டு சாதி உண்டு. 1930களின் நடுவில் கிப்சன் மேற்பலகைக்கு அடியில் டோன் பார்களைக் குறுக்காக எக்ஸ் வடிவத்தில் வைத்தது. தசாப்தத்தின் இறுதியில் பழையபடி இணையாக வைக்க ஆரம்பித்தது. எக்ஸ் வைத்த கிட்டாரில் கீழ்ஸ்வரம் தடிமனாக, ஒலி கொஞ்ச நேரம் நின்று அடங்கும், தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது சுகம். இணையாக வைத்ததில் அடி விழுந்ததும் "டக்" என்று முன்னால் பாயும், உடனே அடங்கும், பேண்டில் நாலு தாளமும் அடிப்பவருக்கு அதுதான் வேண்டும். நண்பர் பார்த்த 30களின் கடைசி எல்-7 இந்த இரண்டின் எல்லையில் இருக்கிறது, அதனால் விற்பவர் சொல்வதைக் கேட்காமல் எஃப் துளை வழியாக ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து நேரில் பார்க்கச் சொன்னேன். பல்மருத்துவர் வைத்திருக்கும் நீளக்கைப்பிடி கண்ணாடி இதற்கு அருமையானது. அதே சமயத்தில் ஸ்கேல் நீளமும் (தந்தியின் அதிரும் பகுதியின் நீளம்) 24¾ அங்குலத்திலிருந்து 25½ ஆக மாறியது. இடது கை விரல் எட்டுமா எட்டாதா என்பது அந்த முக்கால் அங்குலத்தில் இருக்கிறது.

இந்த மாதிரிக் கிட்டாருக்கு ஃப்ரெடி கிரீனைத்தான் உதாரணம் காட்டுவேன். கவுண்ட் பேசியின் பேண்டில் 1937-இல் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம், ஆம்ப் இல்லை, சோலோ அபூர்வம். எபிஃபோன், ஸ்ட்ராம்பெர்க், கிரெட்ச் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார். தந்தி விரல்பலகையிலிருந்து நன்றாகத் தூக்கி இருக்கும், கார்டை முழுதாகப் பிடித்த மாதிரி தெரியும், ஆனால் பல நேரம் நான்காம் தந்தியில் ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும்தான் பேசும், மற்றதெல்லாம் விரல் தொட்டு அடக்கிவிடும். அதைச் செய்ய நல்ல செதுக்கிய கிட்டார் வேண்டும், வேறு வழியில்லை.

எபிஃபோனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நண்பர் பட்டியலில் இல்லை, இருந்திருக்க வேண்டும். 1931-இல் மாஸ்டர்பில்ட் என்ற வரிசையில் டீலக்ஸ், பிராட்வே, டிரையம்ஃப் எல்லாம் வந்தன, கிப்சனுக்கு நேருக்கு நேர் போட்டி. ஆரம்ப கால பிராட்வேயின் முதுகு வால்நட் மரம், அதன் குரல் மேப்பிளைவிட மெத்தென்று இருக்கும். எபி ஸ்டதோபுலோ 1943-இல் இறந்ததும் கம்பெனி தடுமாறியது, 1957-இல் கிப்சனின் முதலாளிகளே வாங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயரில் எத்தனையோ விதமாக கிட்டார் வந்துவிட்டதால் "எபிஃபோனா?" என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். நியூயார்க் காலத்து டிரையம்ஃப் ஒன்று அதே தரத்துக் கிப்சனைவிடக் குறைந்த விலையில் கிடைப்பதற்கு அந்த முகச்சுளிப்புதான் காரணம்.

அடுத்து டி'ஏஞ்சலிகோ. ஜான் டி'ஏஞ்சலிகோ 1932-இல் நியூயார்க்கில் கென்மேர் தெருவில் கடை போட்டார், 1964-இல் இறக்கும் வரை எண்ணிட்டுச் செய்த கிட்டார் 1,164. கடைசியில் பாதியில் நின்றவற்றை முடித்துக் கொடுத்தவர் அவரிடம் தொழில் பழகிய ஜிம்மி டி'அக்விஸ்டோ. எக்செல் வழக்கமாக 17 அங்குலம், நியூயார்க்கர் 18. ஒரு பெரிய தொழிற்சாலை ஒரு வருடத்தில் தள்ளிவிடும் எண்ணிக்கையை இந்த மனிதர் ஒரு வாழ்நாளில் செய்திருக்கிறார், அதனால்தான் அந்த விலை, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. யாருக்கு எந்தக் கிட்டார் என்று எழுதிவைத்த பேரேடும் பிழைத்துக் கிடக்கிறது, எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேகரிப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

வாசிப்பவருக்கு இதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்காகச் செய்தது. வாங்க வந்தவர் தடித்த நெக் (இடது கை பிடிக்கும் கழுத்து) கேட்டால் தடித்த நெக், மெல்லிசு கேட்டால் மெல்லிசு. ஆகவே "எக்செல் எப்படி இருக்கும்" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை, அந்த எக்செல் எப்படி இருக்கும் என்றுதான் கேட்க முடியும். 1952-இல் யாரோ ஒருவருடைய கைக்குத் தைத்த சட்டையை நீங்கள் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள். பொருந்தினால் ராஜா, பொருந்தாவிட்டால் நெக்கைச் சீவிச் சரிசெய்யவும் முடியாது, சீவினால் விலை போச்சு. நேரில் வாசிக்காமல், படத்தைப் பார்த்து மட்டும் டி'ஏஞ்சலிகோ வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, தலையில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அவரே வெளியிலிருந்து வாங்கிய பிளைவுட் உடலில் தன் நெக்கைப் பொருத்திச் செய்த மின்சாரக் கிட்டார்கள் உண்டு, அவர் இறந்த பிறகு அந்தப் பெயரில் தொழிற்சாலைகளில் செய்தவையும் ஏராளம். அவை மோசம் என்று சொல்லவில்லை, விலைதான் வேறு.

அப்புறம் செல்லுலாய்டு. இதை யாரும் வாங்குவதற்கு முன்னால் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பிக்கார்டும் (மேற்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடு) பைண்டிங்கும் செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக், அது நாளாக நாளாகத் தானே சிதையும், சிதையும்போது அமிலம் கலந்த காற்றை விடும். டி'ஏஞ்சலிகோக்களில் இது பேர்போன பிரச்சினை, ஆனால் அவருக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஒருவர் வீட்டில் 50களின் கிட்டார் ஒன்றைப் பார்க்கப் போனேன், யார் செய்தது என்பது வேண்டாம். பெட்டி பல வருடம் கட்டிலுக்கு அடியில் மூடியே கிடந்திருக்கிறது. திறந்ததும் கற்பூரமும் புளிப்பும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறியது. பிக்கார்டைச் சுண்டுவிரலால் லேசாகத் தொட்டேன், ஓரம் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது, வெல்லப்பாகு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரமாக. அதற்கு நேர் கீழே இருந்த தங்கமுலாம் பச்சை பூத்திருந்தது, ஒன்றாம் தந்தி துருப்பிடித்திருந்தது, மற்ற தந்திகள் சுத்தமாக இருந்தன. பைண்டிங்கிலும் முதுகுப்பக்கம் ஒரு கை நீளத்துக்கு நுண்ணிய வெடிப்பு. வீட்டுக்காரர் "பிளாஸ்டிக்தானே, மாற்றிக்கொள்ளலாம்" என்றார். பிக்கார்டை மாற்றலாம். அடுக்கு பைண்டிங்கை ஓரம் முழுக்கப் பெயர்த்து மறுபடி கட்டுவது ஒரு சின்னக் கிட்டார் வாங்குகிற செலவு. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் பிக்கார்டைக் கழற்றித் தனியாக வேறு இடத்தில் வையுங்கள், பெட்டியை அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள்.

ஸ்ட்ராம்பெர்க்கைப் பற்றி ஒரே வரி: மொத்தம் 640 வாக்கில்தான் செய்தார்கள், மேற்பலகைக்கு அடியில் ஒரே ஒரு குறுக்குச்சட்டம் வைத்த பிற்கால மாஸ்டர் 400-இன் சத்தம் வேறு எதிலும் வராது, கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காது.

இனி பிக்கப் கட்சி. மேலே சொன்ன செதுக்கிய பலகையை ஆம்ப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊளையிடும், அதிர்வதற்கென்றே செய்த பலகை வேறென்ன செய்யும். 1949-இல் கிப்சன் இ.எஸ்-175-ஐ ஒட்டுப்பலகையில் அழுத்தி வளைத்துச் செய்தது, மேப்பிள் பிளைவுட். காசு குறைக்கத்தான் செய்தார்கள், விலை 175 டாலர், பெயரும் அதுவே. ஆனால் பிளைவுட் லேசில் அதிராது, ஊளை குறைவு, தந்தியின் ஒலி சுருக்கென்று தொடங்கி உருண்டையாக முடியும். ஜிம் ஹால், ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ் கையில் அந்த மலிவுப் பொருளே ஜாஸ் கிட்டாரின் குரலாகிவிட்டது. "பிளைவுட்டுக்கா இவ்வளவு விலை" என்று கேட்பவர்கள், இசைத்தட்டில் எதைக் கேட்டு மயங்கினோம் என்று ஒரு முறை யோசித்துப் பார்த்தால் நல்லது. 24¾ அங்குல ஸ்கேல், 16 அங்குலத்துக்குச் சற்றே மேலான அகலம், நெக்கை ஒட்டி வெட்டு (கட்அவே) வைத்த உடல், எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய் வர வசதி. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் ஒற்றைச் சுருள் உள்ள பி-90 பிக்கப் ஒன்றே ஒன்று. 1953-இல் இரண்டு பிக்கப் உள்ள மாடலும் வந்தது. 1957-இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) வந்தது, அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஸ்டிக்கர் ஒட்டியது, பி.ஏ.எஃப் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். நண்பர் 1958-ஐத் தேடுவது அதற்காகவே. இங்கேதான் நான் சுட்டுக்கொண்டேன். பி.ஏ.எஃப் ஒரு ஜோடியின் விலை தனியாகவே மிக அதிகம். அதனால் பழைய 175-இலிருந்து அவற்றைக் கழற்றி வேறு கிட்டாரில் போட்டு, இதில் பிற்கால பிக்கப் வைத்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. நான் வாங்கியவர் எல்லாம் அசல் என்று சத்தியம் செய்தார், நானும் மேலே கவரை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். பிறகு வேறொரு வேலைக்காகத் திறந்தபோது பற்றவைத்த ஈயம் பளபளவென்று புதிதாக இருந்தது, பிக்கப்புக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்த சுவடுகூட இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டபோது எண் உபயோகத்தில் இல்லை. வாசிக்க அந்தக் கிட்டார் ஒரு குறையும் இல்லை, நான் கொடுத்த விலைதான் குறை. நீங்கள் வாங்குவதற்கு முன்னால் பிக்கப்பைத் தூக்கிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடியாது என்று சொல்கிறவரிடம் பி.ஏ.எஃப் விலை கொடுக்காதீர்கள். பி-90 உள்ள 50களின் 175-ஐ இந்த ஆரவாரத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை, என் காதுக்கு அது ஒரு படி மேல், கொஞ்சம் முரடு, ஆனால் பேச்சு தெளிவு.

நடுவழி ஒன்று உண்டு, எல்-5 சி.இ.எஸ். 1951-இல் வந்தது, எல்-5-இன் செதுக்கிய உடலில் இரண்டு பிக்கப் பதித்தது, வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் வாசித்தது இந்த வகையைத்தான். இதில் பலகையும் உண்டு பிக்கப்பும் உண்டு, இரண்டும் கிடைத்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பிக்கப்பைத் தாங்குவதற்காக மேற்பலகையைத் தடிமனாக விட்டிருப்பார்கள், அதில் இரண்டு ஓட்டை வேறு. ஆம்ப் இல்லாமல் அது எல்-7-க்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஆம்ப்பில் 175-க்கு இல்லாத ஒரு ஆழம் அதற்கு உண்டு, அதற்குத்தான் அந்த விலை. 1960-லிருந்து 69 வரை கட்அவேயின் கொம்பு கூர்மையாக இருக்கும், சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, ஒலியோடு சம்பந்தமில்லாத வெறுப்பு. 1965 வாக்கில் கிப்சன் நெக்கின் நட் (தலையருகே தந்திகள் உட்காரும் கட்டை) அகலத்தை 1 11/16 அங்குலத்திலிருந்து 1 9/16 ஆகக் குறைத்தது, கிட்டத்தட்ட 43 மில்லிமீட்டர் 40 ஆகிவிட்டது. படிக்கும்போது மூன்று மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. நாலு விரலையும் முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் வைத்து ஒரு கார்டு பிடித்துப் பாருங்கள், தெரியும்.

இப்போது இன்னொரு கணக்கு. நண்பர் வாசிக்க வாங்குகிறாரா, வைத்திருக்க வாங்குகிறாரா? இரண்டும் என்கிறார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எதையும் தொடாமல் அசலாக நிற்கிற கிட்டாரில் ஃபிரெட் தேய்ந்தால் மாற்றக் கை நடுங்கும், பெட்டியிலிருந்து எடுக்கவே தயங்குவீர்கள். மறுபாலிஷ் போட்ட கிட்டாரின் விலை அசலில் ஏறக்குறைய பாதி என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. என் எல்-7 அப்படி வந்ததுதான். பாலிஷ் கனமாகப் போட்டிருந்தால் ஒலி அமுங்கும், மெல்லிசாகப் போட்டிருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத்தான், காதுக்கில்லை. சேகரிப்பவர் இதைத் தொடக்கூடாது, வாசிப்பவர் இதைத்தான் தேட வேண்டும். மாற்றிய டியூனர், அதனால் தலையில் ஒன்றிரண்டு பழைய ஓட்டை, சரியாகச் செய்த ஃபிரெட் மாற்றம், நெக் ரீசெட் (நெக்கைக் கழற்றிச் சரியான கோணத்தில் மறுபடி சேர்ப்பது), இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். யாரோ ஒருவர் 1960களில் மேற்பலகையை அறுத்துப் பிக்கப் பதித்த பழைய எல்-7-கள் நிறைய உண்டு, அதற்குப் பயப்படுங்கள், அது பலகைக் கட்சியிலும் இல்லை, பிக்கப் கட்சியிலும் இல்லை. மிதக்கும் டி'ஆர்மண்ட் பிக்கப்பைக் கம்பியில் மாட்டி வைத்திருந்தால் பிரச்சினை இல்லை, ஓட்டை போடாமல் மாட்டுவதற்கென்றே வந்தது அது.

வெட்டு வைத்த கட்அவே உடலா, முழு உடலா என்பதில் பணம் மிச்சம் பிடிக்கலாம். அதே வருடம், அதே மாடல், கட்அவே இருந்தால் விலை துள்ளும். முழு உடலில் நெக் 14-ம் ஃபிரெட்டில் சேரும், அதற்கு மேல் கை போவது கஷ்டம். நீங்கள் அதற்கு மேல் எத்தனை முறை போகிறீர்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். நண்பர் எண்ணினார், இரண்டு முறை, இரண்டும் சும்மா.

பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? நான் முதலில் பிரிட்ஜைத்தான் பார்ப்பேன். அதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு சின்னச் சக்கரம் இருக்கும். சக்கரம் முழுக்கக் கீழே இறங்கி, அப்படியும் தந்தி உயரமாக இருந்தால் நெக் சாய்ந்துவிட்டது, கழற்றிச் சேர்க்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்து மேற்பலகையைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிரிட்ஜின் இரு காலுக்கும் அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். விரல் கணுவால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள், டோன் பார் ஒட்டு விட்டிருந்தால் ஓரிடத்தில் 'கிர்' என்று பதில் வரும். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், பழைய நைட்ரோ பாலிஷ் பச்சையும் மஞ்சளுமாக மங்கலாக ஒளிரும், பின்னால் தொட்ட இடம் வேறு மாதிரி தெரியும். போருக்கு முந்தைய கிப்சனாக இருந்தால் உள்ளே குத்திய தொழிற்சாலை எண்ணை, பிந்தையதாக இருந்தால் லேபிளில் ஏ என்று தொடங்கும் எண்ணை வருடத்தோடு ஒப்பிடுங்கள். போர் வருடங்களில் உலோகத் தட்டுப்பாட்டில் சிலவற்றில் நெக் வளையாமல் தாங்கும் இரும்புக்கம்பியான டிரஸ் ராடே வைக்கவில்லை, அந்த வருடக் கிட்டார் என்றால் தலையில் உள்ள மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. நாடு விட்டு நாடு வாங்குகிறீர்கள் என்றால் பிரேசில் ரோஸ்வுட் 1992-லிருந்து, அழியும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய எல்-7-இன் விரல்பலகையும் பிரிட்ஜும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், காகிதம் இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் மாட்டும். 

தந்தியை மறந்துவிடாதீர்கள். எல்-7-இல் வெண்கலத் தந்தி, தடிமன் 12 அல்லது 13 கேஜ். மிதக்கும் பிக்கப் மாட்டினால் வெண்கலத்தைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, தடித்த தந்திகளின் சத்தம் இளைத்துப்போகும், நிக்கல் மாட்டிச் சமாளிக்க வேண்டும். 175-இல் தட்டைத் தந்தி. இதை மாற்றி மாட்டிவிட்டு "கிட்டார் பேசவில்லை" என்று விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவரிடமிருந்துதான் என் எல்-7 வந்தது.

சரி, நண்பருக்கு நான் சொன்னது இதுதான். ஒரு வாரத்தில் வாசிக்கும் நேரத்தில் ஆம்ப் போட்டது எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொன்னேன். முக்கால்வாசி ஆம்ப் இல்லாமல்தான், இரவில், தனியாக. அப்படியென்றால் 1958 இ.எஸ்-175-ஐ விட்டுவிடலாம், அது அவருக்கு இசைத்தட்டின் மேல் இருக்கும் காதல். எக்செல் உண்மையிலேயே அருமையான கிட்டார், அதன் நெக் அவர் கைக்குப் பெரிது என்று அவரே இரண்டு தடவை சொன்னார், மூன்றாவது தடவை சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் அதன் தலையலங்காரத்தின் படத்தைப் போனில் வால்பேப்பராக வைத்துவிட்டார். நான் எல்-7 பக்கம். பிடிக்கவில்லையென்றால் அதை விற்று வெளியே வருவது சுலபம், எக்செல்லில் போட்ட பணம் திரும்பி வர சரியான ஆள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்-7-ஐப் பார்க்கப் போனார். மூன்று மணி நேரம் கழித்துப் போன் வந்தது. உள்ளே டோன் பார் எக்ஸ் வடிவில்தான், கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஸ்கேல் 25½. பிரிட்ஜ் சக்கரம் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கிறதாம். சத்தம் எப்படி என்றேன். "அதை அப்புறம் சொல்றேன், நெக் ரீசெட்டுக்கு எவ்வளவு ஆகும்னு முதல்ல சொல்லு" என்றார்.